போக்காடும் பலிக்கடாவும்: பழி பெயர்த்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஆங்கில மொழியிலே பெருவழக்காகவுள்ள விலங்கு சார்ந்த மரபு வழக்குகளுள் 'ஸ்கேப்கோட்' என்பதும் ஒன்றாகும். ஒருவரோ பலரோ செய்த தவற்றுக்குரிய பழியை வேறொருவர் தலையிற் சுமத்தி, அவரைத் தண்டித்தோ விலக்கியோ விட்டு, ஏனையோர் தம்மைத் தூயோராகக் கருதிக்கொள்ளும்போது, அவ்வாறு பழி சுமந்தவரை ஆங்கிலேயர் இச்சொல்லாற் குறிப்பர். தமிழிலே இதற்கு நேரானதாக இன்று 'பலிக்கடா' என்னும் சொல் வழங்குகின்றது. ஆயின் ஆங்கிலச் சொல் பிறந்த சடங்கினை நோக்குமிடத்து, அது சுட்டும் ஆடு பலியிடப்பட்ட ஆடன்று. பலியிடப்படாது உயிருடன் வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட ஆடே அதுவாகும். தமிழ் வேதாகமம் அதனைப் 'போக்காடு' என்று பொருத்தமுற மொழிபெயர்த்துள்ளது. போக்கிவிடப்பட்ட ஆடு என்பது அதன் பொருள். எனினும் மக்கள் வழக்கிலே நிலைபெற்றது பலிக்கடாவே. போக்காடு திருமறையின் பக்கங்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

இவ்விரு சொற்களுக்குமிடையிலான வேறுபாடு அகராதிக்காரர்க்கு மட்டுமே உரிய சிறு நுணுக்கமாகத் தோன்றக்கூடும். ஆயின் அவ்வேறுபாட்டின் பின்னால் அறவியலின் அடிப்படை வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. ஒருவர் குற்றத்தை இன்னொருவர்மீது பெயர்த்து வைத்தல் இயலுமா? இயலாதெனின், அறிவிற் சிறந்த சமுதாயங்களும் அதனை மீண்டும் மீண்டும் செய்துவந்தமை ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அச்சடங்கினையே முதற்கண் நோக்குதல் வேண்டும்.

சடங்கின் இயல்பு

பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 16ஆம் அதிகாரம் பாவநிவாரண நாளின் சடங்குகளை விரித்துரைக்கின்றது. இஸ்ரவேல் மக்களின் தலைமைக் குரு முதலில் ஒரு காளையைத் தன் பாவத்துக்காகவும் தன் வீட்டாரின் பாவத்துக்காகவும் பலியிடுகின்றார். பின்னர் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்பட்டுச் சீட்டுப் போடப்படுகின்றது. ஒரு சீட்டு இறைவனுக்குரியது. மற்றையது 'அசசேல்' என்பதற்குரியது. இறைவனுக்கென விழுந்த கடா பலியிடப்படுகின்றது. மற்றைய கடாவின் தலைமீது தலைமைக் குரு தம் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்கள் யாவற்றையும் வாய்விட்டு அறிக்கையிட்டு, அவற்றை அதன் தலையிற் சுமத்தி, அதற்கென நியமிக்கப்பட்ட ஒருவர் கையில் அதனை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகின்றார். அந்நாளில் மக்கள் அனைவரும் வேலையொழிந்து தம்மைத் தாம் ஒடுக்குதல் வேண்டும் என்பதும் விதிக்கப்பட்டுள்ளது.

கி.பி. 200 அளவிலே தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நெறிநூல் இச்சடங்கு பற்றி மேலும் சில செய்திகளைத் தருகின்றது. இரண்டு கடாக்களும் தோற்றத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒத்தனவாக இருத்தல் நன்று என அது கூறும். போக்காட்டின் தலையிலே செந்நிறக் கம்பளி நூல் கட்டப்பட்டது. பிற்காலத்தில் அவ்வாடு ஊருக்குத் திரும்பி வாராதவாறு பாறை உச்சியிலிருந்து தள்ளப்பட்டது என்பதும் அந்நூலால் அறியக் கிடக்கின்றது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிவுற்றதோடு சடங்கும் நின்றுபோயிற்று.

சொல்லின் பிறப்பு

'அசசேல்' என்னும் எபிரேயச் சொல்லின் பொருள் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது பாலைநிலத்துப் பேய் ஒன்றின் பெயர் என்பர் சிலர்; செங்குத்தான இடமொன்றின் பெயர் என்பர் வேறு சிலர். ஏனோக்கின் நூலிலே அசசேல் வீழ்ந்த தூதர்களுள் ஒருவனாக வருகின்றான். ஆயின் பழைய மொழிபெயர்ப்பாளர் சிலர் அச்சொல்லை இரண்டாகப் பிரித்து, 'செல்லுகின்ற ஆடு' என்று பொருள் கொண்டனர். ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பு அவ்வழியே சென்று 'அனுப்பப்பட்ட கடா' என்றது. 1530இல் எபிரேய மூலத்திலிருந்து ஐந்து ஆகமங்களை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட வில்லியம் டிண்டேல் என்பாரும் இப்பொருளையே ஏற்று, 'தப்பிச் செல்லும் ஆடு' என்னும் கருத்துப்பட 'ஸ்கேப்கோட்' என்ற புதுச்சொல்லை ஆக்கினார். 1611ஆம் ஆண்டின் அரச மொழிபெயர்ப்பு அதனை அவ்வாறே எடுத்தாண்டமையாற் சொல் நிலைபெற்றது. 1885இல் வெளிவந்த திருத்திய பதிப்பு 'அசசேல்' என்பதையே மீண்டும் பாடத்திற் சேர்த்தது. அதற்குள் டிண்டேலின் சொல் ஆலயத்தை விட்டு வெளியேறி, பிறர் பழி சுமக்கும் மனிதனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டிருந்தது. சமயக் கருத்து வேறுபாட்டின் பொருட்டு 1536இல் கழுத்து நெரிக்கப்பட்டு எரியூட்டப்பட்ட அந்த மொழிபெயர்ப்பாளரின் சொல், சமயம் கடந்து வாழலாயிற்று.

மாறியவையும் மறைந்தவையும்

சடங்கிலிருந்து வழக்குக்கு வந்தபோது இச்சொல் எதனை இழந்தது என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது. பண்டைச் சடங்கிலே மூன்று கூறுகள் இருந்தன.

முதலாவது, ஆடு குற்றமற்றது என்பதை அங்கு நின்ற அனைவரும் அறிந்திருந்தனர். ஆடுதான் தம் பாவங்களைச் செய்தது என்று எவரும் நம்பவில்லை. இரு கடாக்களும் ஒத்தனவாக இருக்க, எது போக்காடாகும் என்பதைச் சீட்டே முடிவு செய்தது. இரண்டாவது, பழி பெயர்க்கப்படுமுன் அது ஒப்புக்கொள்ளப்பட்டது. அறிக்கையிடப்படாத குற்றத்தை ஆட்டின் தலையில் வைத்தல் இயலாது. அதுவும், மக்களின் குற்றத்தைக் கூறுமுன் தலைமைக் குரு தமது குற்றத்துக்கு நிவாரணம் தேடவேண்டியிருந்தது. மூன்றாவது, சடங்கின் ஆற்றலுக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. மனிதன் மனிதனுக்குச் செய்த தீங்கினைப் பாவநிவாரண நாள் போக்காது, தீங்கு செய்தவர் பாதிக்கப்பட்டவரை அணுகி அவர் மனத்தை ஆற்றும்வரை என்று மிஷ்னா திட்டவட்டமாகக் கூறுகின்றது.

இன்றைய வழக்கு குறிக்கும் செயலில் இம்மூன்றும் தலைகீழாகின்றன. பழி சுமப்பவர் உண்மையாகவே குற்றவாளி என்று அனைவரும் நம்பவேண்டும். நம்பாவிடிற் செயல் பயன் தராது. ஒப்புக்கொள்ளுதலுக்கு இடமேயில்லை, ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காகவே இன்னொருவர் தேடப்படுகின்றார். பாதிக்கப்பட்டவரை அணுக வேண்டிய கடமையும் அவரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டுவிடுகின்றது. சுருங்கக் கூறின், பண்டையோர் குற்றத்தை அறிக்கையிட்டு ஆட்டை அனுப்பினர். பின்வந்தோர் அறிக்கையைக் கைவிட்டு அனுப்புதலை மட்டும் வைத்துக்கொண்டனர். ஆட்டின் இடத்தில் மனிதர் நிறுத்தப்பட்டமை மட்டுமன்று, இவ்விழப்பும் கவலைக்குரியதே.

வரலாறு காட்டும் சான்றுகள்

மனிதரையே இவ்வாறு போக்கிவிடும் வழக்கம் பண்டைக்காலத்திலும் இருந்தது. ஏதென்ஸ் நகரத்துத் தார்கேலியா விழாவிலே, தாழ்ந்த நிலையினரும் அழகற்றோருமாகிய இருவர் தெரிந்தெடுக்கப்பட்டு, உலர்ந்த அத்திப்பழ மாலை அணிவிக்கப்பட்டு, நகரின் தூய்மைக்காக வெளியேற்றப்பட்டனர். அவர்கள் 'பார்மக்கோஸ்' எனப்பட்டனர். மருந்து, நஞ்சு என்னும் இரு பொருளும் தரும் கிரேக்கச் சொல்லோடு உறவுடைய பெயர் அது. நஞ்சென ஒதுக்கப்பட்டவரே மருந்தாகவும் பயன்பட்டமை நோக்கத்தக்கது. இத்தகைய வழக்கங்களைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டிய ஜேம்ஸ் பிரேசர், தமது பெருநூலின் ஒரு பகுதிக்கு 1913இல் 'ஸ்கேப்கோட்' என்றே பெயரிட்டார். 1982இல் அதே பெயரிலே பிரெஞ்சு மொழியில் நூலெழுதிய ரெனே ஜிரார், பழி சுமத்துவோர் தாம் பழி சுமத்துகின்றோம் என்பதை அறியாதிருத்தலே அச்செயலின் உயிர்நிலை எனக் காட்டினார்.

1348ஆம் ஆண்டிலே ஐரோப்பாவிற் பரவிய பெருங்கொள்ளைநோய் இதற்குச் சான்றாகும். கிணறுகளில் யூதர் நஞ்சிட்டமையே நோய்க்குக் காரணம் என்ற வதந்தி நகர்தோறும் பரவிற்று. யூதரும் அந்நோயால் மாள்கின்றனர், யூதர் வாழாத இடங்களிலும் நோய் பரவுகின்றது என்று பாப்பரசர் ஆறாம் கிளமென்ட் அவ்வாண்டிலேயே எடுத்துக்காட்டினார். கேட்பார் குறைவாயினர். 1349 பெப்ரவரி 14ஆம் நாள் ஸ்திராஸ்பூர்க் நகரத்து யூதர் பலர் எரித்துக் கொல்லப்பட்டனர். நோய் அந்நகரை அப்போது எட்டியிருக்கவுமில்லை. பின்னர் அது வந்தே தீர்ந்தது. அந்நோயின் உண்மைக் காரணமான கிருமி 1894இல் ஹொங்கொங்கிலே அலெக்சாந்தர் யெர்சினாற் கண்டறியப்பட்டது.

அதே 1894ஆம் ஆண்டின் இறுதியிலே பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது, நவீன காலத்துப் போக்காட்டின் கதை. ஜேர்மன் தூதரகத்தின் கழிவுத்தாள்களிடையே அகப்பட்ட கடிதமொன்று, பிரெஞ்சு இராணுவ இரகசியங்கள் விற்கப்படுவதைக் காட்டிற்று. பீரங்கிப் படையைச் சேர்ந்த கப்டன் அல்பிரட் டிரைபஸ் என்னும் யூதர்மீது, கையெழுத்து ஒப்புமையைக் காட்டிக் குற்றம் சுமத்தப்பட்டது. எதிர்த்தரப்பினர்க்குக் காட்டப்படாத இரகசியக் கோவையொன்று நீதிபதிகளிடம் கொடுக்கப்பட்டது. 1895 ஜனவரி 5ஆம் நாள் பாரிஸ் இராணுவக் கல்லூரி முற்றத்திலே அவருடைய சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது, வெளியே நின்ற கூட்டம் ஆரவாரித்தது. பின்னர் அவர் பிரெஞ்சுக் கயானாக் கரைக்கு அப்பாலுள்ள பேய்த்தீவுக்கு அனுப்பப்பட்டார்.

1896இல் இராணுவ உளவுப் பிரிவுக்குத் தலைவராயிருந்த பிக்கார் என்பார், அக்கையெழுத்து எஸ்தர்ஹாசி என்னும் வேறோர் அதிகாரியுடையது எனக் கண்டார். அதன் விளைவாக எஸ்தர்ஹாசி தண்டிக்கப்படவில்லை. பிக்காரே தூனீசியாவுக்கு மாற்றப்பட்டார். அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த ஹென்றி என்பார் புதிய சான்றொன்றைப் பொய்யாகப் புனைந்தார். 1898 ஜனவரியில் எஸ்தர்ஹாசி இராணுவ நீதிமன்றாற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட, எமில் ஸோலா தம் புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்தை அம்மாதம் 13ஆம் நாள் வெளியிட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில் பொய்ச்சான்று வெளிப்பட்டு ஹென்றி சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அதன் பின்னருங்கூட 1899இல் இரண்டாம் இராணுவ நீதிமன்று டிரைபஸைக் குற்றவாளி என்றே தீர்த்தது. மன்னிப்பு அவ்வாண்டே கிடைத்தது. நீதி 1906 யூலை 12ஆம் நாளே கிடைத்தது.

தொடக்கத்திலே நிகழ்ந்தது தப்பெண்ணத்தோடு கூடிய தவறு எனலாம். ஆயின் 1896க்குப் பின் நிகழ்ந்ததைத் தவறு என்று கூறல் பொருந்தாது. உண்மை தெரிந்த பின்னர், அதனை ஒப்புக்கொண்டால் இராணுவத்தின் மதிப்புக் குன்றும் என்ற அச்சமே ஒரு மனிதரைத் தீவிலே வைத்திருந்தது. அறிக்கையிட மறுத்தமையே போக்காட்டைத் திரும்ப விடாது தடுத்தது.

பலர் நலத்துக்காக ஒருவர்?

இவ்விடத்தே வலுவான எதிர்வாதம் ஒன்று எழுதல் கூடும். ஒருவர் துன்புறுவதாற் பெருங்கலகமொன்று தவிர்க்கப்படுமாயின், அது ஏற்கத்தக்கதன்றோ? அவுஸ்திரேலிய மெய்யியலாளர் மக்கிளோஸ்கி 1957இல் இவ்வினாவை ஓர் உதாரணத்தால் முன்வைத்தார். இனக்கலவரம் மூளவிருக்கும் ஊரொன்றில், குற்றமற்ற ஒருவர்மீது பொய்க்குற்றம் சாட்டித் தண்டித்தாற் பல உயிர்கள் காப்பாற்றப்படும் எனின், அவ்வூர்க் காவலதிகாரி என்ன செய்தல் வேண்டும்? பயன்பாட்டுவாதம் அவரைப் பொய் கூறுமாறு பணிக்குமெனின் அக்கொள்கையிலேயே குறையுண்டு என்பது அவர் கருத்து.

மக்கள் முழுவதும் அழிவதினும் ஒருவர் சாதல் நன்று என்று காய்பா கூறியதாக யோவான் நற்செய்தி குறிப்பிடும் வாதத்தை, இமானுவேல் காண்ட் 1797இலேயே எடுத்துக்கொண்டு மறுத்தார். மனிதரைப் பிறர் நோக்கத்துக்கு வெறுங்கருவியாக்குதல் ஆகாது என்பதும், நீதி அழியுமாயின் மனிதர் உலகில் வாழ்வதற்கே மதிப்பில்லை என்பதும் அவர் நிலைப்பாடு. இதனை மிகைக் கடுமை என்று கருதுவோர், 1955இல் ஜோன் றோல்ஸ் காட்டிய வழியை நோக்கலாம். குற்றமற்றவரைத் தண்டிக்கும் அதிகாரம் படைத்த ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்க என்றார் அவர். அத்தகைய நாட்டில் எவர் தண்டிக்கப்படினும் அவர் குற்றம் செய்தாரா, அல்லது தேவைக்குப் பயன்படுத்தப்பட்டாரா என்பதை எவரும் அறிய இயலாது. அடுத்த முறை தம் முறையோ என்ற அச்சம் எவரையும் விடாது. பலர் நலத்தின் பொருட்டுச் செய்யப்படுவது பலர் நலத்தையே அழித்துவிடும்.

இதனோடு மேலும் ஒன்றைக் கூட்டல் வேண்டும். பழி பெயர்த்தல் பயன் தருவதாகத் தோன்றும் அளவுக்குப் பயன் தருவதன்று. ஸ்திராஸ்பூர்க் மக்கள் யூதரைக் கொன்ற பின்னரும் நோய் வந்தது. டிரைபஸ் தீவில் இருந்தபோது உண்மைத் துரோகி படையிலேயே இருந்தார். கணக்கிலே பணம் குறைந்தவிடத்துக் கடைசி எழுதுவினைஞர் வேலைநீக்கப்பட்டு, பணம் குறைந்த வழி அடைக்கப்படாது விடப்படுமாயின், மறுவருடமும் பணம் குறையும். விசாரணையை முடித்துவைப்பதே போக்காட்டின் பணி. காரணத்தைக் கண்டறிவது அதன் பணியன்று. நோய் காணப்படாமலே நோயாளி குணமடைந்ததாக அறிவிக்கும் மருத்துவம் போன்றது அது.

குற்றமும் அதன் அளவும்

பழி சுமப்போர் அனைவரும் முற்றிலுங் குற்றமற்றோர் என்று கொள்ளுதலும் எளிமைப்படுத்தலேயாகும். நடைமுறையிலே பெரும்பாலும் நிகழ்வது வேறு. தெரிந்தெடுக்கப்படுபவர் ஏதோ ஒரு சிறு தவற்றைச் செய்தவராகவே இருப்பார். அச்சிறு தவற்றைச் சான்றாகக் காட்டியே பெரும்பழி அவர்மீது ஏற்றப்படுகின்றது. 'அவரும் குற்றவாளிதானே' என்னும் கூற்று உண்மையாக இருப்பதனாலேயே அது ஆபத்தானது. ஆகவே ஒருவர் போக்காடாக்கப்பட்டாரா என்பதை அறியும் அளவுகோல், அவர் குற்றமற்றவரா என்னும் வினா மட்டுமன்று. அவர்மீது சுமத்தப்பட்டது அவருடைய பங்கின் அளவினதா, அவர் தண்டிக்கப்பட்டதோடு ஏனையோர் பங்கு பற்றிய பேச்சு ஓய்ந்ததா என்னும் இரு வினாக்களும் உடன் எழுப்பப்படல் வேண்டும்.

'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் பழமொழி இவ்வுண்மையைத் தமிழர் நன்கறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். சிலப்பதிகாரமோ அதன் இரு முகங்களையும் காட்டுகின்றது. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், ஊருக்குப் புதியவனான கோவலன்மீது தன் களவைப் பெயர்த்து வைத்தான். மன்னன் ஆராயாது கொலைத்தண்டம் விதித்தான். உண்மை வெளிப்பட்டபோது பொற்கொல்லனைக் காட்டித் தப்பிக்கொள்ளும் வாய்ப்பு மன்னனுக்கு இருந்தது. அவ்வாறு செய்யாது, குற்றம் தன்னதே என ஏற்று அவன் அரியணையிலே உயிர்விட்டான். ஆயின் காப்பியம் அத்தோடு நின்றுவிடவில்லை. பாண்டிநாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என அதன் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன், கொல்லப்பட்டோர் ஆயிரவர். அவ்வொருவனது குற்றம் உண்மையாயிருந்தமையே ஆயிரவர் கொலையை நியாயம் போலத் தோன்றச் செய்தது. ஒரு மன்னன் பழியைத் தன்மீது ஏற்றான். அவன் வழிவந்தவன் அதனை ஒரு தொழிற்குலத்தின்மீது இறக்கினான். ஒரே காப்பியத்துள் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது ஆழ்ந்து சிந்தித்தற்குரியது.

முடிவாக

குற்றம் பொருளன்று, கைமாற்றிக் கொடுப்பதற்கு. தண்டனையைப் பெயர்க்கலாம், அவமதிப்பைப் பெயர்க்கலாம், குற்றத்தையோ செய்தவரிடமிருந்து பெயர்த்தல் எவர்க்கும் இயலாது. பண்டைச் சடங்கு இதனை ஓரளவேனும் உணர்ந்திருந்தது. அதனாலேயே அது அறிக்கையை முன்வைத்தது. பாதிக்கப்பட்டவரை ஆற்றும் கடமையை ஆட்டின் தலையில் ஏற்றவில்லை. அச்சடங்கினை மீட்டல் இன்று வேண்டுவதன்று. அது கேட்ட அறிக்கையை மீட்டலே வேண்டுவது. ஒரு நிறுவனமோ சமுதாயமோ, 'இதில் எமது பங்கு யாது' என்று முதலிற் கேட்குமாயின், அதற்கு ஓர் ஆடு தேவைப்படுதல் அரிது.

லேவியராகமம் அதே அதிகாரத்திலே மேலும் ஒரு விதியைக் கூறுகின்றது. போக்காட்டை வனாந்தரத்திற் கொண்டுபோய் விட்டவர் உடனே பாளயத்துக்குள் வருதல் ஆகாது. அவர் தம் உடைகளைத் துவைத்து, நீராடி, அதன் பின்னரே மக்களோடு சேர்தல் வேண்டும். கட்டளைப்படி நடந்தவர்மீதும் அச்செயல் ஏதோ ஒன்றை ஒட்டவைத்துவிட்டது என்பதை அவ்விதி மறைக்கவில்லை. ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு ஊருக்குள் திரும்புவோர் தம் உடையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நன்று.